தூக்குவது வேறு, தாங்குவது வேறு



கல்யாண வீட்டில் பந்தல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேர் கூடிக் கூரையைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஆனால் அவர்கள் கையில் பிடித்திருக்கும்போதே யாரும் அதன் கீழே இலை போட்டுப் பரிமாறுவதில்லை. கால் நட்டு, கயிறு கட்டி, ஒருமுறை ஆட்டிப் பார்த்த பிறகுதான் ஆட்களை உள்ளே விடுவார்கள். தூக்குவது ஆள், தாங்குவது கால். நம் சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் தெரிந்த இந்த உண்மையை, நம் வீட்டுப் பிள்ளைகள் காருக்கு அடியில் நுழையும்போது மட்டும் மறந்துவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

தோட்டத்துப் பட்டறையில் லாரிக்கும் டிராக்டருக்கும் நடுவில் என் வாலிபம் கழிந்தது. இப்போது ஓய்வாகப் பட்டணத்தில் இருக்கிறேன். என் தங்கை மகன், சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தான். மஸ்டா எம்எக்ஸ்-5 என்று பெயர். இரண்டே பேர் உட்காரலாம்; கூரையை மடக்கிவிடலாம். 1989-இல் வெளிவந்த இந்த வகைக் கார், 2016-ஆம் ஆண்டுக்குள் பத்து லட்சம் செய்யப்பட்டுவிட்டது. உலகமெங்கும் இளைஞர்கள் இதை விரும்புவதற்கு ஒரு காரணம், வீட்டிலேயே பழுது பார்க்கலாம் என்பதுதான்.

கியர் பெட்டி எண்ணெயைத் தானே மாற்றப் போவதாகச் சொன்னான். என் தங்கைக்குப் பயம். "அண்ணே, பட்டறைக்கே அனுப்பிடச் சொல்லுங்க. இவன் காடிக்குக் கீழே படுத்தா எனக்கு உசுரு போவுது" என்றாள். அவள் பயம் நியாயமானது. பிள்ளையின் ஆசையும் நியாயமானதுதான். கையால் வேலை கற்றுக்கொண்டவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான் என்பதை நம் சனங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே, தடுப்பதை விட முறையாகக் கற்றுக்கொடுப்பதே நல்லது என்று நான் அவனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன்.

அவன் முதலில் கேட்ட கேள்வியே முக்கியமானது. "மாமா, இந்த ஜேக்கில் 2 டன் என்று எழுதியிருக்கிறது. நம் காடி ஒரு டன் கூட இராது. பிறகு எதற்குத் தனியாகத் தாங்கி?"

பாருங்கள், ஒரு டன் என்றால் 50 கிலோ அரிசி மூட்டை 20. ஜேக்கில் எழுதியிருப்பது அதைத் தூக்கும் பலம். தூக்கியபடியே ஒரு மணி நேரம் நிற்கும் பொறுமையைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. சக்கரம் வைத்த ஜேக்கின் உள்ளே இருப்பது எண்ணெய். நாம் கைப்பிடியை அழுத்தும்போது, சின்ன உருளையிலிருந்து எண்ணெய் பெரிய உருளைக்குப் போய், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுகிறது. அந்த எண்ணெய் திரும்பி வராமல் தடுப்பவை ஒரு சிறு வால்வும் ஒரு ரப்பர் வளையமும்தான். வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் போதும், வளையத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் போதும். எண்ணெய் கசியும், கார் இறங்கும்.

ரப்பர் என்றதும் உங்களுக்கு நம் பால்மரம் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வளையம் நாம் வெட்டிய பாலில் செய்ததில்லை. நம் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்துவிடும். அதனால் எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பரில்தான் அதைச் செய்கிறார்கள். அதற்கும் வயதாகும்; அதுவும் இறுகி வெடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு விரல் கனம் கூட இல்லாத வளையத்தை நம்பியா நெஞ்சின் மேல் 20 மூட்டையை நிறுத்துவது?

தாங்குவதற்கென்றே இரும்பில் செய்த கால்கள் கடையில் கிடைக்கின்றன. 'ஸ்டேண்டு' என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். அகலமான அடி, நடுவில் உயர்த்தி இறக்கும் தண்டு, அதைப் பூட்ட ஒரு பல் அல்லது குத்தூசி. எண்ணெயும் இல்லை, வளையமும் இல்லை. ஒரு ஜோடியின் விலை ஒரு புது டயரின் விலைக்குள் அடங்கிவிடும். வாங்கும்போது, எழுதியிருக்கும் எடை ஒரு காலுக்கா, ஜோடிக்கா என்று கேட்டு வாங்குங்கள். 2020-இல் அமெரிக்காவில் விற்ற ஒருவகை ஸ்டேண்டுகளில் பல் சரியாகப் பிடிக்காமல் சறுக்கக்கூடும் என்று கண்டுபிடித்து, லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். ஆகவே தண்டை ஏற்றியபின், பல் முழுமையாக விழுந்ததா என்று கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். குத்தூசி வகையில் அந்தக் கவலை குறைவு.

இனி தரையைப் பற்றிச் சொல்கிறேன். நான் வேலை செய்த தோட்டத்தில் ஒரு மழைநாள். செம்மண் தரையில் ஒரு லாரியை ஜேக்கில் தூக்கி வைத்து, ஒருவர் அடியில் படுத்து வேலை பார்த்தார். தாங்கு கட்டை வைக்க அவசரம் விடவில்லை. ஸ்பானா ஒன்றை எடுக்க அவர் வெளியே வந்த நேரத்தில், ஈர மண்ணில் ஜேக்கின் அடி ஒரு பக்கம் புதைந்து சாய்ந்தது. லாரி 'தொப்'பென்று உட்கார்ந்தது. அவர் கழற்றி வைத்த சிலிப்பர் மட்டும் அடியில் மாட்டிக்கொண்டது. மறுநாள் அதை எடுத்தபோது அப்பளம் போல் இருந்தது. அவர் சம்பளத்தை நம்பி வீட்டில் ஐந்து வயிறு. அந்த ஸ்பானாவுக்குத்தான் அந்தக் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

ஆகையால், மண்ணிலும் புல்லிலும் வேண்டாம். வெயிலில் இளகும் தார்ச் சாலையிலும் ஸ்டேண்டின் கால் புதையும். வழுவழுப்பான ஓடு பதித்த தரை சறுக்கும், உடையும். சமமான சிமெண்டுத் தரைதான் நல்லது. நம் வீட்டு முகப்புகள் மழைநீர் ஓடுவதற்காகச் சற்றுச் சரிவாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சரிவு காரின் சக்கரத்துக்குத் தெரியும்.

அதனால்தான் சக்கரத்துக்குக் கட்டை வைக்கவேண்டும். இந்த இடத்தில் ஸ்போர்ட்ஸ் காருக்கும் நம் வழக்கமான காருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இயந்திரம் இழுப்பது முன்சக்கரத்தை. கியரில் நிறுத்தினால் முன்சக்கரம் பிடிக்கும்; கைப்பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கும். நான்கு பக்கமும் காவல். என் மருமகனின் கார் அப்படி இல்லை. இயந்திரம் தள்ளுவது பின்சக்கரத்தை. கைப்பிரேக் பிடிப்பதும் பின்சக்கரத்தையே. பின்பக்கத்தைத் தூக்கிய மறுகணம் கியரும் பயனில்லை, கைப்பிரேக்கும் பயனில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் உருளத் தயாராக நிற்கும். அதைக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. தானே ஓடிப்போய்க் கனமான மரக்கட்டைகளைக் கொண்டுவந்து, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நெருக்கி வைத்தான். செங்கல் வேண்டாம், அது நொறுங்கும்.

அடுத்த சங்கடம், கார் தரையோடு தரையாக இருந்தது. ஜேக் உள்ளே போகவில்லை. இதற்கு எளிய வழி உண்டு. இரண்டு அங்குலக் கனமுள்ள அகலப் பலகைகளைச் சக்கரங்களுக்கு முன்னே போட்டு, மெதுவாகக் காரை அவற்றின் மேல் ஏற்றி நிறுத்தினோம். பிறகு பலகையின் மேலேயே கட்டைகளை மறுபடி நெருக்கினோம். ஜேக் தாராளமாக நுழைந்தது.

எங்கே தூக்குவது? காரோடு வரும் புத்தகத்தில் படம் போட்டிருக்கும், அதுவே சட்டம். இந்தக் காரில் முன்பக்கம், இரு சக்கரங்களுக்கும் நடுவே குறுக்காகப் போகும் தடித்த இரும்புச் சட்டத்தில் ஜேக்கை வைக்கலாம். பின்பக்கம், நடுவில் பானை போல் தொங்கும் டிப்ரன்ஷல் கூட்டின் நடுப்பகுதியில் வைக்கலாம். ஸ்டேண்டுகளை வைக்கும் இடம், கதவுக்குக் கீழே இரு ஓரங்களிலும் உள்ள உறுதியான விளிம்பு. அந்த இடத்தில் சிறு வெட்டு அடையாளம் இருக்கும். எண்ணெய்த் தொட்டியிலோ, மெல்லிய அடித்தகட்டிலோ ஜேக்கை வைத்தால் தகடு நசுங்கும், கார் நழுவும்.

பின்பக்கத்தை முதலில் தூக்கினோம். தூக்கும்போது ஜேக்கின் சக்கரங்களைக் கவனியுங்கள். அதன் கை நேராக மேலே எழுவதில்லை. வில் போல் வளைந்து எழும். அந்த வளைவுக்கு ஏற்ப ஜேக் தானாகவே சற்று உருண்டு நகரவேண்டும். ஒரு கூழாங்கல் தடுத்தாலும், காரைத் தூக்கும் தட்டு இடம் மாறிவிடும். அதனால் முதலில் தரையைப் பெருக்கிவிட்டேன். பெருக்குமாறும் பழுதுபார்க்கும் கருவிதான்!

பின்னால் இரு ஸ்டேண்டுகள் நின்றபின், முன்பக்கத்தைச் சிறிது சிறிதாகத் தூக்கி மற்ற இரண்டையும் வைத்தோம். முன்பக்கம் எழும்போது பின்ஸ்டேண்டுகள் சாயக்கூடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தோம். கியர் பெட்டியில் எண்ணெயை அளவாக நிரப்பக் கார் சமமாக நிற்கவேண்டும். அதனால்தான் நான்கு கால்களும். சிமெண்டுக் கற்களை ஸ்டேண்டுக்குப் பதிலாக அடுக்குகிறவர்கள் உண்டு. அவை முன்னறிவிப்பு இல்லாமல் வெடிக்கும், வேண்டவே வேண்டாம். டிக்கிக்குள் வரும் சின்னத் திருகு ஜேக்கும் நடுவழியில் டயர் மாற்றத்தான்.

சக்கரம் கழற்றுகிற வேலையாக இருந்தால் இன்னொன்று: கார் தரையில் நிற்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். மேலே தூக்கியபின் பலங்கொண்டு திருகினால் கார் ஆடும். கழற்றிய சக்கரத்தை மூலையில் சாய்த்து வைக்காமல், காரின் ஓரத்து அடியில் படுக்கப் போடுங்கள். தப்பித் தவறி எல்லாம் கைவிட்டாலும், மனிதன் நசுங்காமல் அந்தச் சக்கரம் கொஞ்சம் இடமாவது காக்கும்.

கடைசியாக, பந்தல் காலை ஆட்டுவதுபோல் காரை ஆட்டிப் பார்க்கவேண்டும். உடம்பு முழுவதும் வெளியே இருக்க, இடுப்பால் நன்றாகத் தள்ளுங்கள். விழுவதானால் அப்போதே விழட்டும். கார் போனால் இன்னொன்று வாங்கலாம். அசையவில்லை என்றால் மட்டும் உள்ளே போகலாம். ஜேக்கையும் எடுத்துவிடாமல், லேசாகத் தொட்டபடி துணைக்கு விட்டுவையுங்கள்.

இப்போது தாய்மார்களே, மனைவிமார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பானா பிடிக்கத் தெரியாவிட்டாலும் இந்தக் காவலில் உங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் வீட்டில் யாராவது காருக்கு அடியில் படுக்கப் போனால், மூன்று கேள்வி கேளுங்கள். "சக்கரத்துக்குக் கட்டை வைத்தாயா? ஸ்டேண்டு வைத்தாயா? ஆட்டிப் பார்த்தாயா?" ஒன்றுக்கு 'இல்லை' என்று வந்தாலும் விடாதீர்கள். சிறு பிள்ளைகளையும் பூனை நாய்களையும் அந்தப் பக்கம் அண்டவிடாதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருங்கள். அசம்பாவிதம் நேர்ந்தால், மாட்டிக்கொண்டவரின் காலைப் பிடித்து இழுக்கவேண்டாம். ஜேக்கினால் காரை மறுபடி தூக்கச் சொல்லுங்கள். அதே வேளையில் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணுக்கு அழையுங்கள்.

நம் முன்னோர் பாம்பும் புலியும் இருந்த காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்கள். அவர்கள் துணிச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் மரம் சாயும் திசையில் யாரும் நிற்கக்கூடாது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த அறிவும் துணிச்சலோடு சேர்ந்து வந்த சொத்துத்தான். வீட்டில் ஜேக் இருந்தால், இந்தச் சம்பளத்திலேயே ஒரு ஜோடி ஸ்டேண்டும் வாங்கிவிடுங்கள். அதுவரை காருக்கு அடியில் யாரும் தலையை விடவேண்டாம்.