அடகுச் சீட்டு

2014 ஐப்பசி. தென்காசியில் விடாத மழை. அந்த அம்மா ஒரு மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் அலுவலக வாசலில் நின்றிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ரேடியோல பேசுனது நீங்கதான சார்? காப்பீட்டு அட்டை இருந்தா ஒத்த ரூவா குடுக்க வேண்டாம்னு சொன்னீங்கள்லா? நாங்க எம்பத்தஞ்சாயிரம் குடுத்திருக்கோமே."

இரண்டு வாரத்துக்கு முன்பு திருநெல்வேலி வானொலியில் மருத்துவமனைகளும் நுகர்வோர் சட்டமும் என்பது பற்றிக் கால் மணி நேரம் பேசியிருந்தேன். எத்தனை பேர் கேட்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. கீழப்பாவூர், ஆலங்குளம், கடையம், முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கு மடியில் சொளவு, கையில் கத்தரி. செய்தித்தாளைப் பிரிக்கக் கை ஒழியாது. ஓய்வாக இருப்பது காது மட்டும்தான். 1963 டிசம்பர் 1 அன்று ஒலிக்கத் தொடங்கிய நெல்லை வானொலி அந்தக் காதுகளோடுதான் வளர்ந்தது. இந்த அம்மாவும் இலை நறுக்கிக்கொண்டே என் பேச்சைக் கேட்டிருக்கிறார்.

அவருடைய கணவர் சீசனில் குற்றாலம் ஐந்தருவியில் எண்ணெய் மசாஜ் செய்பவர். சாரல் இருக்கும் இரண்டு மூன்று மாதச் சம்பாத்தியம்தான் வருஷத்துக்கும். அந்த ஜூலையில் ஒரு பிற்பகல், ஒருவருக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எண்ணெய்ப் பாட்டில்களுக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். ஆட்டோவில் தென்காசி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். முதலுதவி அங்கே ஒழுங்காக நடந்தது. அன்று அங்கே கேத் லேப் கிடையாது. "ஆஞ்சியோ பண்ணணும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார்கள்.

போன இடம் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனை. கவுண்டரில் அட்டையைக் காட்டியிருக்கிறார் அந்த அம்மா. "அட்டைக்கு அப்ரூவல் வர ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் தாங்குமான்னு எங்களால சொல்ல முடியாது. பணம் கட்டிட்டா இப்பவே எடுத்துரலாம்" என்று பதில் வந்தது. ஸ்ட்ரெச்சரில் புருஷன் கிடக்கும்போது இதைக் கேட்கும் எந்தப் பெண் திட்ட விதிகளைப் பற்றி வாதாடுவாள்? தம்பியிடம் தாலிச் செயினையும் கம்மலையும் கழற்றிக் கொடுத்தார். அடகுக் கடையில் 62,000 ரூபாய். மகளிர் குழுவில் அவசரக் கடன் 23,000. பணத்தை எண்ணி வாங்கியவர்கள் ரசீது தரவில்லை. பேர் அச்சடிக்காத ஒரு துண்டுத் தாளில் நீல மையில் 85 என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக். அவ்வளவுதான்.

அந்தத் தாளையும் மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தார்.

திட்டத்தின் கதையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்திடம் போனது. ஆட்சி மாறியபின் 2012 ஜனவரியில் புது வடிவம் வந்தது, அதைப் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா ஏற்றது. அன்று ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு அட்டை. பிரீமியத்தை அரசு கட்டும், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு நோயாளி கையிலிருந்து எதுவும் தர வேண்டியதில்லை. காப்பீட்டு நிறுவனம் மாறினாலும் கத்தி பிடிக்கும் இடம் பெரும்பாலும் தனியார் மருத்துவமனையாகவே இருந்தது. தனியார் வரக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அந்த மனிதர் உயிர் பிழைத்தது அங்கேதான், வைத்தியத்தில் குறையே இல்லை. என் சண்டை கவுண்டரோடு.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் திட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு போட்டேன். வந்த பதிலைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அதே நோயாளிக்கு, அன்று வைத்த அதே ஸ்டென்டுக்கு, திட்டத்திலிருந்தும் முழுத் தொகையை மருத்துவமனை வாங்கியிருந்தது. ஒரே சிகிச்சைக்கு இரண்டு வரவு. ஒன்று அரசுப் பணம், இன்னொன்று தாலி.

திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் வழக்கைத் தாக்கல் செய்தோம். தென்காசி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. எதிர்த்தரப்பு இரண்டு வாதம் வைத்தது. ஒன்று, பணமே வாங்கவில்லை. இரண்டு, பிரீமியம் கட்டியது அரசு, ஆகவே இந்த அம்மா நுகர்வோரே இல்லை.

இரண்டாவதற்கு நான் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் 1995 நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: சிகிச்சைச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றாலும் அது கட்டணம் கொடுத்துப் பெற்ற சேவைதான். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் நுகர்வோர் என்ற விளக்கத்திலேயே, வேறொருவர் பணம் கொடுக்க அந்தச் சேவையைப் பெறும் பயனாளியும் அடக்கம்.

முதல் வாதம்தான் பயமுறுத்தியது. ஏனென்றால் அவர்கள் ஒரு கடிதத்தைத் தாக்கல் செய்தார்கள். "சிகிச்சை முடிந்து நலமாக வீடு திரும்புகிறேன், மருத்துவமனைக்கு எந்தப் பணமும் கொடுக்கவில்லை" என்று அச்சடித்த வாசகம், கீழே அந்த அம்மாவின் கையெழுத்து. அவர் முகம் வெளிறிப்போனது. "அன்னைக்கி ராத்திரி பத்துப் பன்னெண்டு தாள்ல போடச் சொன்னாங்க சார், போட்டேன். படிச்சுப் பாக்குற நெலமையா அது?"

நகலை வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போனேன். அன்றிரவு அதை நாலைந்து முறை படித்திருப்பேன். வாசகத்தைப் படித்தேனே தவிர தேதியைப் பார்க்கவில்லை. விடியற்காலையில்தான் கண்ணில் பட்டது. நலமாக வீடு திரும்புகிறேன் என்ற கடிதத்தில், கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த தேதி கணவரைச் சேர்த்த நாள். டிஸ்சார்ஜ் ஆனதோ அதற்கு ஐந்து நாள் கழித்து.

அந்தத் தேதியோடு அடகுச் சீட்டின் தேதியையும், மகளிர் குழுத் தீர்மானப் புத்தகத்தின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். மூன்றும் ஒரே நாள். அறுபத்திரண்டும் இருபத்து மூன்றும் எண்பத்தைந்து. துண்டுத் தாளில் இருந்த எண்ணும் அதுவே. மன்றத் தலைவர் துண்டுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

இந்த வழக்கு நடந்த நாட்களில் அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகனோடு அடிக்கடி பேசுவேன். ஒபாமா காலத்து மருத்துவச் சீர்திருத்தத்தில் தனியார் காப்பீட்டு நிறுவனங்களுக்கு எவ்வளவு இடம், பக்கத்தில் அரசே ஒரு காப்பீட்டை நடத்தலாமா என்று அங்கே வானொலியில் நாள் முழுக்க வாதாடினார்கள் என்பான். முற்போக்குக் குரலுக்கென்றே 2004இல் தொடங்கிய ஏர் அமெரிக்கா வானொலி பணமில்லாமல் 2010 ஜனவரியில் மூடப்பட்டது. இரண்டு மாதத்தில், மார்ச் 23 அன்று, அரசுக் காப்பீடு இல்லாமலேயே அந்தச் சட்டம் கையெழுத்தானது. இங்கே நிலைமை வேறு. அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்த நாட்டில், தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தியோ நடப்பு விவகாரமோ பேச அனுமதி இல்லை. பாட்டுப் போடலாம், மருத்துவமனை விளம்பரம் போடலாம். அந்த மருத்துவமனையில் எதற்குப் பணம் கட்ட வேண்டாம் என்று விவாதம் நடத்த முடியாது. இது எனக்கு ஆறாத வருத்தம். சட்டத்தை நாங்கள் தடித்த புத்தகங்களில் வைத்திருக்கிறோம். சொளவின் பக்கத்தில் இருப்பது வானொலிப் பெட்டிதான். நான் ஒரு கால் மணி நேரம் பேசியிராவிட்டால், அந்த 85,000 தன் விதி என்றே அந்த அம்மா வட்டி கட்டிக்கொண்டிருந்திருப்பார்.

2016இல் உத்தரவு வந்தது. 85,000 ரூபாயை 9 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு 20,000, செலவுத் தொகை 5,000. மேல்முறையீட்டுக் கெடு முடியும் முன்பே மருத்துவமனை காசோலை கொடுத்துவிட்டது. செயின் மீண்டது. கம்மலை அதற்குள் கடைக்காரர் ஏலத்தில் விட்டிருந்தார்.

காசோலை வாங்க வந்த அன்று அந்த அம்மா காப்பீட்டு அட்டையை நீட்டி, "அந்த இலவச நம்பர எழுதிக் குடுங்க சார்" என்றார். காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அட்டையின் பின்புறம் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். உங்கள் வீட்டு அட்டையிலும், உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் அட்டையிலும் அதை எழுதி வையுங்கள்: 1800 425 3993. கவுண்டரில் பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் இந்த எண்ணுக்குப் பேசுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ரசீது கேளுங்கள்.