இடியப்பத் தட்டுக்கு யார் காசு கொடுப்பது?

மட்டக்களப்பு – கல்முனை வீதியில் காலைச் சாப்பாடு விற்கும் கடைகள் பலவற்றில் இடியப்பம் அவிப்பதே கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருப்பதெல்லாம் உள் ஒழுங்கைகளில் உள்ள வீடுகளிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்குவது. கடைக்காரர் சொதியும் சம்பலும் வைக்கிறார். பெயர் அவருக்கு, அடுப்புப் புகை அந்த வீட்டுப் பெண்களுக்கு. உணவு விற்கும் நிறுவனங்கள் சூழலுக்குச் செய்யும் கேட்டைக் குறைப்பது பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு இந்த அடுப்படிவரை வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் குருக்கள்மடத்துக்குப் போனேன்.

ஒடுக்கமான ஊர். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே கல்முனைக்குப் போகும் வீதி. வாவிக்கரைத் துறையிலிருந்து அக்கரையில் உள்ள அம்பிளாந்துறைக்கு ஆளையும் வண்டியையும் ஏற்றும் இயந்திரப் பாதை போய்வருகிறது. நான் போன வீட்டின் அரிசியும் விறகும் படுவான்கரை எனப்படும் அந்த மேற்குக் கரையிலிருந்துதான் வருகின்றன. அந்த வீட்டு அக்கா பிழிவார், மகள் அவித்து இறக்குவார், மருமகன் ஆட்டோவில் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

வறுத்து அரித்து இரவே எடுத்துவைத்த சிவப்பரிசி மா. கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறும்போது அக்கா சட்டிக்குள் பார்ப்பதில்லை. காம்பு இழுபடுவதிலேயே பதம் தெரிந்துவிடுகிறது. மா இறுகினால் உரல் இறங்காது; இளகினால் இழைகள் ஒட்டிக் களியாகிவிடும். உரலை இரண்டு கையாலும் அழுத்தி, தட்டின் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து, நடுவில் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி இழையை அறுக்கிறார். தோள்மூட்டு நோகாதா என்று கேட்டேன். "நோகும்தான் தம்பி. அத விடிஞ்சாப் பிறகு பாப்பம்" என்றார்.

மகள் தட்டுகளை ஆவி புகுந்து வர இடம்விட்டு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார். அடுக்கு உயர்ந்தால் அதே விறகில் கூடுதலாக அவிக்கலாம். விறகுக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவை இந்த வீட்டுக்கு இல்லை. அவிந்த உடனே கவிழ்த்தால் இடியப்பம் பிய்ந்துவிடும், சற்று ஆறவேண்டும். அதனால் அடுப்பில் ஓர் அடுக்கு, ஆறுவதற்கு ஓர் அடுக்கு, பிழிவதற்கு ஓர் அடுக்கு என்று தட்டுகள் நிறைய வேண்டும்.

அந்தத் தட்டுகளைப் பார்க்கத்தான் நான் போனது. பெரும்பாலானவை பிளாஸ்டிக். ஆவியில் வெந்து வெந்து விளிம்பு நெளிந்தவை, சட்டம் ஒடிந்தவை. 2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இந்தத் தட்டும் இருக்கிறது. உறிஞ்சுகுழல், கரண்டி, முள்ளுக்கரண்டி, தயிர்க்கோப்பை நீங்கலான கோப்பைகள், பிளாஸ்டிக் மாலை ஆகியவற்றோடு இடியப்பத் தட்டையும் சேர்த்தார்கள். உறிஞ்சுகுழலின் ஆயுள் ஒரு குளிர்பானம் முடியும்வரை. இந்தத் தட்டோ உடையும்வரை நாள்தோறும் உழைக்கிறது. இரண்டையும் ஒரே பட்டியலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். எந்தப் பிளாஸ்டிக்கில் செய்தது என்று தட்டில் எங்கும் எழுதியில்லை. கொதிக்கும் ஆவியில் ஒடிந்த அந்தத் துண்டுகள் எங்கே போயின என்று கேட்டேன். "சிலது குப்பைக்குள்ள, சிலது அடுப்புக்குள்ள" என்றார் மகள். தடை பிழையில்லை.

பனை ஈர்க்கில் பின்னிய தட்டுகளும் கொஞ்சம் இருந்தன. அவை வேறுவிதமான வேலை வாங்கும். பின்னல் இடுக்கில் மா அடைந்துவிடும். ஊறவைத்துத் தும்பால் தேய்த்து வெயிலில் காயவைக்க வேண்டும். கோடையில் இங்கே வெயிலுக்குக் குறைவில்லை. மாரி பிறந்தால் நாட்கணக்கில் சூரியனைக் காணோம், தட்டில் கரும்பூஞ்சணம் ஏறிவிடும். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி அக்கா தட்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறார். ஒரு தொகுதி காய்ந்துகொண்டிருக்க மற்றதைப் பாவிக்க வேண்டுமென்றால், இருப்பதைப்போல் இரண்டு மடங்கு தட்டு வேண்டும்.

பின்னுகிறவர் சில ஒழுங்கைகள் தள்ளி இருக்கும் ஒரு வயதான அம்மா. ஓலையைக் கிழித்து ஈர்க்கை உருவி, ஒரே தடிப்பாகச் சீவிக் காயவைத்து அடுக்கியிருந்தார். பின்னுவதைவிடச் சீவுவதற்குத்தான் நேரம் போகிறதாம். தடிப்பு மாறினால் தட்டு ஒருபக்கம் தூக்கி ஆடும். "பிளாஸ்டிக் தட்டிட விலையச் சொல்லித்தான் பேரம் பேசுவாங்க" என்றார். பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இயங்குகிறது. கண்காட்சிகளில் அழகான பனையோலைப் பைகளும் பெட்டிகளும் பார்த்திருக்கிறேன். இப்படி அன்றாடம் ஆவியில் வேகும் தட்டுக்கு அங்கே கிடைத்த இடம் சின்னது.

சட்டம் வந்த பிறகு கடைக்காரர்கள் என்ன செய்தார்கள்? "ஒண்டும் சொல்லல்ல தம்பி. அவங்களுக்கு இடியப்பம் நேரத்துக்கு வந்தாச் சரி" என்றார் அக்கா. ஈர்க்குத் தட்டுக்குச் சீட்டுக் காசில் சொல்லிவைத்திருக்கிறார். தடையின் செலவு வீதியில் இருக்கும் கடையைத் தாண்டி ஒழுங்கைக்குள் வந்து, காசு குறைந்தவர் தலையில் இறங்கியிருக்கிறது.

மிச்சமும் அப்படியே. விற்காத இடியப்பத்தைக் கடை திருப்பிக் கொடுத்துவிடும், காசும் கிடையாது. கொத்துப் போடும் கடையென்றால் இரவுக்கு எடுத்துக்கொள்ளும். மற்றவை கோழிக்கும் மாட்டுக்கும். 2022இல் உலகம் வீணாக்கிய உணவு ஏறத்தாழ 105 கோடித் தொன், அதில் 29 கோடித் தொன் உணவகங்களும் உணவு பரிமாறும் இடங்களும் வீணாக்கியது என்று ஐ.நா. சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. இந்த வீதிக் கடைக்காரர் தன் கடையில் கழிவே இல்லை என்று சத்தியம் பண்ணலாம். அவருடைய கழிவு அக்காவின் கோழிக்கூட்டில் இருக்கிறது.

பார்சல் சுற்றும் பொலித்தீனைப் பற்றி ஒரு வார்த்தை. லஞ்ச் சீட்டையும் ரெஜிபோம் பெட்டியையும் 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்தார்கள். இன்றும் லஞ்ச் சீட்டில் சுற்றித் தரும் கடைகள் இருக்கின்றன. இங்கிருந்து தெற்கே, அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் குப்பையைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. இறந்த யானைகளின் வயிற்றில் இருந்தது உணவு சுற்றிய பொலித்தீனும் பிளாஸ்டிக்கும். வாழையிலையும் தாமரையிலையும் கோயில் அன்னதானத்துக்கு மட்டும் உரியவை என்று யாரும் விதி எழுதவில்லை.

வீதிக் கடையோ பாசிக்குடாவின் பெரிய ஹோட்டலோ, வெளியில் அவிப்பித்து இடியப்பம் வாங்குகிறவர்கள் மூன்று காரியம் செய்யலாம். ஈர்க்குத் தட்டை மொத்தமாகச் சொல்லி, காசைத் தாங்களே கொடுத்து அவிக்கும் வீட்டுக்குக் கொடுக்கட்டும். நாளைக்கு எத்தனை வேண்டும் என்று முதல்நாள் மாலையே அழைத்துச் சொல்லட்டும். சொன்னதற்கு முழுக் காசையும் கொடுத்து, மிஞ்சியதைத் திருப்பாமல் இருக்கட்டும். இதற்கு நிபுணரும் வேண்டாம், கருத்தரங்கும் வேண்டாம். வாடிக்கையாளருக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்தமுறை இடியப்பம் வாங்கும்போது, இது எந்தத் தட்டில் அவித்தது, தட்டு யார் வாங்கியது என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.