ஈரத்துக்குக் கட்டும் பணம்

ஏசி பில்லைக் குறைப்பது பற்றிப் பேச்சு வந்தால் சென்னையில் எல்லோரும் ரிமோட்டில் தெரியும் எண்ணைப் பற்றியே பேசுகிறோம். 18-இல் வைப்பதா, 24-இல் வைப்பதா என்று. நான் பார்க்கச் சொல்லும் இடம் வேறு. வெளிச்சுவரில் தொங்கும் டிரெயின் குழாயின் முனையில் ஓர் இரவு வாளி வைத்துப் பாருங்கள். புழுக்கம் மிகுந்த ஓர் ஆகஸ்ட் இரவில் எட்டு, பத்து லிட்டர் தண்ணீர் சேர்ந்துவிடும். அத்தனையும் படுக்கையறைக் காற்றில் கலந்திருந்த ஈரம். அதைப் பிரித்தெடுக்க ஆன மின்சாரத்துக்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கட்டுகிறோம்.

எவ்வளவு மின்சாரம் என்று கணக்குப் போடலாம். ஒரு லிட்டர் தண்ணீர் அளவு நீராவி மறுபடி தண்ணீராகும்போது சுமார் 0.67 யூனிட் அளவுக்கு வெப்பம் வெளிப்படுகிறது. அந்த வெப்பத்தையும் ஏசிதான் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். நல்ல நிலையிலுள்ள ஏசி, ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று, மூன்றரை யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். ஆக, வாளியில் விழும் ஐந்து லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் செலவு. இரவுக்குப் பத்து லிட்டர் என்றால் இரண்டு மாத பில்லில் 120 யூனிட் இந்தத் தண்ணீருக்கே போகிறது. இந்தச் செலவில் அறையின் வெப்பநிலை ஒரு டிகிரிகூடக் குறைந்திருக்காது. காற்று உலர்ந்திருக்கும்.

அந்த உலர்வுதான் நமக்குத் தூக்கத்தைத் தருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. இந்த இயந்திரமே ஈரத்துக்காகப் பிறந்ததுதான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் உப்பியும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியாமல் போயின. அதற்குத் தீர்வாக வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த ஏற்பாட்டிலிருந்துதான் இன்றைய ஏசி வளர்ந்தது. காகிதத்துக்குப் பிறகுதான் மனிதர்களின் முறை வந்தது.

தில்லியின் மே மாத வறட்டுக் காற்றில் ஏர்கூலர் நன்றாக வேலை செய்யும். அங்கே காற்றுக்குத் தண்ணீர் தாகம். சென்னையிலும் மே மாத முற்பகலில் மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வறண்டதுதான். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தால் அந்தச் சில மணி நேரத்துக்குச் சுகம் உண்டு. மதியம் கடல்காற்று நுழைந்ததும் கதை மாறிவிடுகிறது. வெப்பமானி இறங்கும், ஈரம் ஏறும். அதற்குப் பிறகு மூடிய அறைக்குள் கூலரை ஓட்டுவது ஏற்கெனவே நனைந்திருக்கும் காற்றில் மேலும் தண்ணீர் ஊற்றுவதாகும். ஏசி வாங்க வசதியில்லாதவர்கள் கையிலிருக்கும் சில ஆயிரங்களைக் கூலருக்குச் செலவழித்துவிட்டு இரவில் பிசுபிசுப்பில் புரளுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகிறது. கடலோர ஊரில் அந்தப் பணத்துக்கு நல்ல மின்விசிறி வாங்குவதே மேல்.

எங்கள் குடியிருப்பில், எங்களைப் போலவே மொட்டை மாடிக்கு நேர் கீழே ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். மகன் வாங்கிப் போட்ட ஒன்றரை டன் ஏசி அவரது சிறிய படுக்கையறையில் இருக்கிறது. பத்து மணிக்குப் போடுவார், பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து நிறுத்துவார், ஜன்னலைத் திறப்பார். புழுங்கினால் இரண்டு மணிக்கு மறுபடி போடுவார்.

“ராத்திரி முழுக்க ஓடட்டுமே டீச்சர், இப்படி எழுந்து எழுந்து படுத்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வர்ற பென்ஷன்ல கரண்டுக்கே எவ்வளவு கட்டுறது தம்பி?” என்றார்.

பில்லைக் குறைக்கும் வழிகளை நான் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். வயதாக ஆக உடம்பு வியர்வையால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறன் குறைகிறது. ஏசி யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள்தான் பயந்து பயந்து அதை நிறுத்துகிறார்கள். சிக்கனம் என்றால் அவர்கள் பயமில்லாமல் அதைப் போட்டுக்கொள்ளும்படி ஆக வேண்டும். புழுக்கத்தைச் சகித்துக்கொண்டு மிச்சம் பிடிப்பதை நான் சிக்கனமாக நினைக்கவில்லை.

டீச்சர் ஜன்னலைத் திறந்த நொடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்தடி. வெளியே 30 டிகிரிக்கு மேல் வெப்பமும் மிகுந்த ஈரமும். அறையின் உலர்ந்த காற்று முழுக்க வெளியேறி வெளிக்காற்று ஒருமுறை நிரம்பினால் கால் லிட்டருக்கும் மேலான தண்ணீர் ஆவியாக உள்ளே வந்துவிடுகிறது. காற்றோடு நிற்பதில்லை. பஞ்சு மெத்தை, தலையணை, திரைச்சீலை, அலமாரித் துணி எல்லாம் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மணிக்கு ஏசியை மறுபடி போடும்போது அவ்வளவையும் திரும்ப உலர்த்த வேண்டும். நிறுத்தி மிச்சம் பிடித்ததில் ஒரு நல்ல பங்கு அங்கேயே போய்விடுகிறது.

ஜன்னலைத் திறக்காதவர்கள் வீட்டிலும் இதே கதைதான், மெதுவாக நடக்கிறது. கதவுக்கு அடியில் ஒரு விரல் சந்து. பழைய விண்டோ ஏசி இருந்த ஓட்டையை அட்டையால் அடைத்திருப்பார்கள். குளியலறை வென்டிலேட்டரில் கண்ணாடிச் சட்டம் ஒன்று விழுந்திருக்கும். குளியலறைக் கதவு திறந்தே கிடக்கும். தூங்கும் இருவர் மூச்சிலும் வியர்வையிலும் விடும் ஈரம் ஓர் இரவுக்கு ஒரு லிட்டர் அளவுதான். வாளியில் மீதி சேர்வதெல்லாம் பெரும்பாலும் சந்துகள் வழியே வந்தது. ஹார்டுவேர் கடையில் கதவுக்கு அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதுகூட வேண்டாம் என்றால் பழைய புடவையைச் சுருட்டி வைக்கலாம். டீச்சர் வீட்டில் நாங்கள் முதலில் செய்தது இதுதான். மூச்சுமுட்டும் என்று பயந்தார். நம்மூர்க் கதவு ஜன்னல்களில் எவ்வளவு அடைத்தாலும் கொஞ்சம் காற்று வந்தபடிதான் இருக்கும். மாலையில் சிறிது நேரம் எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் பிறகு மூடினால் போதும்.

வீட்டுக்குள்ளேயே நாம் உண்டாக்கும் ஈரமும் உண்டு. படுக்கப் போகும் முன் குளுகுளுவென்று இருக்கட்டும் என்று அறையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. துடைத்த தண்ணீர் ஆவியாகி, ஏசி வழியாக வாளிக்குத்தான் வரும். மழை நாட்களில் துணியை ஏசி அறையில் காயப்போடுவதும் அப்படியே. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனைக் குக்கர் இறக்கிய பிறகும் சற்று நேரம் ஓடவிட வேண்டும்.

இனி வெயில். மேல் மாடிக்காரர்களுக்கு இதுதான் பெரிய விஷயம்.

பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். இன்று அது விவேகானந்தர் இல்லம். அந்தப் பனிக்கட்டி மரத்தூளுக்குள் பொதிந்து மாதக்கணக்கில் கடலில் வந்து சேர்ந்தது. குளிரை உண்டாக்கும் இயந்திரம் கையில் இல்லாததால் வெப்பம் உள்ளே புகாமல் காப்பதே அன்றைய வித்தையாக இருந்தது. வீடுகளிலும் அதே வித்தைதான். பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையை நினைத்துப் பாருங்கள். மர உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கட்டையால் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. அந்தக் கனத்தைத் தாண்டி வெயில் உள்ளே வர நெடுநேரம் ஆகும்.

இன்று நம் தலைக்கு மேல் இருப்பது ஐந்தங்குலக் கான்கிரீட். மே மாத மத்தியானத்தில் அதன் மேற்பரப்பு 55, 60 டிகிரிக்குப் போகும். பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு எட்டு, ஒன்பது மணிக்கு, சரியாக நாம் ஏசியைப் போடும் நேரத்தில், உள்ளே கக்கத் தொடங்கும். கட்டில் மேல் நின்று விட்டத்தில் கை வைத்தால் தெரியும். மேல் மாடி ஏசி நள்ளிரவு வரை சண்டை போடுவது பெரும்பாலும் இந்தத் தளத்தோடுதான். கீழ் வீட்டிலும் அதே ஏசி, அதே 26 டிகிரி. ஆனால் அங்கே கம்ப்ரஸர் சீக்கிரம் அடங்கிவிடும்.

இதற்கு மருந்து வெள்ளை. புதிதாக வெள்ளை பூசிய தளம், விழும் வெயிலில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பசை கலந்த சுண்ணாம்பே போதும். ஆனால் ஒரு வடகிழக்குப் பருவமழையில் பாசி பிடித்துக் கறுத்துவிடும், ஆண்டுதோறும் பூச வேண்டும். கூல் ரூஃப் பெயிண்ட் கூடுதல் காலம் நிற்கும், விலையும் கூடுதல். வெள்ளை டைல்ஸ் இன்னும் அதிகம். அகமதாபாத் நகரம் 2013-இல் வெப்பத் தடுப்புத் திட்டம் போட்டுப் பின்னர் அதில் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதையும் சேர்த்தது. தெலங்கானா 2023-இல் இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. சென்னையில் மாடியில் ஏறி நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை கறுத்த தளங்கள்தான். ஏசிக்குப் பல்லாயிரம் செலவழிக்கும் நாம் கூரைக்குச் சில ஆயிரம் செலவழிக்கத் தயங்குவது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

மேற்குச் சுவர் ஜன்னலுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே கனமான திரை போட்டுப் பயன் குறைவு. வெயில் கண்ணாடியைத் தாண்டியபின் வெப்பம் வீட்டுக்குள்தான் இருக்கும். மூங்கில் தட்டியோ பச்சை வலையோ ஜன்னலுக்கு வெளியே தொங்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் ரிமோட்டுக்கு வரலாம். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் ஆணையத்தின் கணக்கு. 2020 முதல் விற்கும் ஏசிகள் போட்டவுடன் 24-இல் நிற்கும்படி அமைக்கப்பட்டிருப்பதும் அதனால்தான். அறை உலர்ந்துவிட்டால் 27-இல் வைத்து ஃபேனை மிதமாக ஓட்டினால் பெரும்பாலோருக்குப் போதும். காற்றோட்டம் இரண்டு, மூன்று டிகிரி குறைந்தது போன்ற சுகத்தைத் தரும்; பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது சரியல்ல. குளிரும் வேகம் அதேதான், நிற்கும் இடம்தான் வேறு.

ஒரு விதிவிலக்கு. அக்டோபர், நவம்பரில் மழை விட்ட இரவுகளில் வெளியே 25, 26 டிகிரிதான் இருக்கும், உடம்பு மட்டும் கசகசக்கும். அப்போது 27-இல் வைத்தால் கம்ப்ரஸர் ஓடவே ஓடாது, ஈரமும் போகாது. ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட டிரை மோடு இந்த இரவுகளுக்கானது. பலர் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை.

புதிதாக வாங்குபவர்கள் பெரிதாக வாங்கினால் நல்லது என்று நினைக்கிறார்கள். சிறிய அறைக்குப் பெரிய, அதுவும் இன்வெர்ட்டர் இல்லாத ஏசி வைத்தால் அது சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தைப் பிழிய நேரம் கிடைக்காது. ஜில்லென்று இருக்கும், போர்வை நமுத்துப்போகும். டீச்சர் அறையில் நடந்தது இதுவே. கோடை தொடங்கும்போது சர்வீஸுக்கு வருபவர் “கேஸ் கம்மியா இருக்கு, போட்டுடலாமா?” என்று கேட்டால், எங்கே கசிகிறது என்று முதலில் கேளுங்கள். ஏசியில் கேஸ் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைந்தால் கசிவு இருக்கிறது. கடலோரத்தில் உப்புக்காற்று காயிலை அரித்துத்தான் பல ஏசிகளில் கசிகிறது. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாமே கழுவிப் போடலாம்.

மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட் என்பது பெரிய எல்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாயாக இருந்தது. அப்போது ஒரே ஒரு யூனிட் கூடினாலும் கீழ்ப்படியில் கிடைத்த சலுகை 225 ரூபாய் போய்விட்டது, அந்த யூனிட்டுக்கு 8 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. எல்லைக்கு அருகே இருப்பவர்களுக்குக் கதவுச் சந்தை அடைத்து மிச்சமாகும் யூனிட்டுகள் இந்த இடத்தில்தான் பெரிய காசாகின்றன. டீச்சர் தினமும் மீட்டர் ரீடிங்கைக் குறித்துவைப்பவர். எல்லைக்கு இப்பாலேயே நிற்க முடிகிறது என்று தெரிந்ததும் அலாரம் வைப்பதை விட்டுவிட்டார்.

கூரைக்கு வெள்ளை பூசுவது மட்டும் பாக்கி. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் சங்கக் கூட்டத்தில் வைத்திருக்கிறோம். தரைத்தளத்தில் இருப்பவர்கள் தங்களுக்கு என்ன பயன் என்று கேட்டது நியாயமான கேள்விதான். தட்டோட்டு விரிசல்களைச் சேர்த்து அடைத்துப் பூசினால் கசிவு நின்று கம்பி துருப்பிடிப்பது தவிர்க்கப்படும், அது கட்டடம் முழுவதற்கும் நல்லது என்று சொன்னோம், ஒப்புக்கொண்டார்கள். செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, மேல் மாடிக்காரர்கள் கூடுதலாகக் கொடுப்பதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. கூடுதலாகக் கொடுக்க நான் தயார். டீச்சரின் பங்கைக் குறைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். எப்படியும் மார்ச் முடிவதற்குள் பூசிவிட வேண்டும். அக்னி நட்சத்திரத்துக்கு முன் காய்ந்து இறுக அதற்கு நாள் வேண்டும்.