கீச்... கீச்... கர்ர்ர்ர்!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, கொஞ்சம் வெக்கமா இருந்ததால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. மெஷின் பராமரிப்புதான் என் பொழப்பு. அப்படிப்பட்டவன் சொந்தக் கார்ல வந்த சத்தத்துக்கு என்ன பண்ணினான்னு வெளிய சொன்னா சிரிப்பாங்க. பரவாயில்ல, சிரிச்சுக்குங்க.

பிள்ளைப்பாக்கம்னு சொன்னா நிறைய பேருக்குத் தெரியாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல, பெரிய ஏரி ஒண்ணை வச்சுக்கிட்டு இருந்த ஊர். இப்ப சிப்காட் தொழிற்பூங்கான்னா டக்குனு புரியும். இந்தப் பக்கம் எங்க திரும்பினாலும் வண்டி சம்பந்தப்பட்ட வேலைதான். 1998ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் ஓட ஆரம்பிச்சது. 2010ல ஒரகடத்துல ரெனோ-நிஸான், 2012ல டெய்ம்லர் லாரி, 2013ல ராயல் என்ஃபீல்டு. டயரும் இங்கதான், கண்ணாடியும் இங்கதான். வண்டிகளைச் சோதிச்சுப் பார்க்கிற மத்திய அரசு மையம் கூட ஒரகடத்துலதான் இருக்கு. இவ்வளவு வண்டி பொறக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு, ஒரு பிரேக் சத்தம் என்னன்னு தெரியாம மூணு மாசம் சுத்தினேன். அதான் கதை.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழை ஞாபகம் இருக்கும். 3, 4 தேதிகள்ல கொட்டித் தீர்த்துச்சு. எங்க தெருவுல கணுக்காலுக்கு மேல தண்ணி. என்னோட பழைய கார் (செகண்ட் ஹேண்ட்தான்) ரெண்டு நாள் ஈரத்துலயே நின்னுச்சு. தண்ணி வடிஞ்சு எடுத்தா, பிரேக் வைக்கிறப்ப எல்லாம் கீச்... கீச்... பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலயும் அதே சத்தம். ‘மழைத்தண்ணி சார், போகப் போகச் சரியாயிடும்’னார். அவர் வண்டியில மறுநாளே நின்னுடுச்சு. என் வண்டியில நிக்கல.

இங்கதான் முதல் பாடம். பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்புல செஞ்சது. ஒரு ராத்திரி ஈரம் பட்டாலே மேல லேசா துரு படியும். காலையில ரெண்டு மூணு தடவை பிரேக் வச்சா அந்தத் துருவைப் பேட் தேய்ச்சு எடுத்துடும், சத்தமும் போயிடும். அப்படிப் போச்சுன்னா கவலையே வேண்டாம். போகலைன்னா அது மழை இல்ல, வேற ஏதோ.

நான் என்ன பண்ணினேன்? பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வச்சேன். ஹி ஹி.

வீட்டம்மாதான் விடல. ‘ஏங்க, தெருமுனை திரும்பும்போதே நீங்க வர்றது தெரியுது, குக்கர் வச்சிடலாம் போல’ன்னு கிண்டல். சரின்னு டிசம்பர் கடைசியில ரோட்டோரக் கடை ஒண்ணுல விட்டேன். மெக்கானிக் வீலைக் கழட்டிப் பார்த்தார். ‘வெளிப்பக்கம் பேட் கனமாத்தான் இருக்கு. உள்பக்கம் கொஞ்சம் தேஞ்சிருக்கு. மாத்தினா நல்லது, ரெண்டாயிரத்துக்குள்ள முடியும்’னார். மாசக் கடைசி. பையில இருந்தது டீசல் காசு மட்டும். நான் சொன்ன வார்த்தை இப்பவும் காதுல கேக்குது:

‘அண்ணே, இப்போதைக்குச் சத்தம் மட்டும் நின்னா போதும். சம்பளம் வந்ததும் மாத்திக்கறேன்.’

அவர் சிரிச்சுக்கிட்டே கட்டிங் பிளேயரை எடுத்து உள்ள ஏதோ ஒரு சின்னத் தகடை வளைச்சு விட்டார். நூறு ரூபா. சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. ‘கை ராசிக்காரர்’னு நாலு பேர்கிட்ட சொன்னேன் வேற!

அந்தத் தகடு என்னன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. பேட்ல உராயுற பொருள் புதுசுல பத்து மில்லிமீட்டர் கனம் சுமார் இருக்கும். அது ரெண்டு மூணு மில்லிமீட்டருக்குத் தேயும்போது, பேட்ல பொருத்தியிருக்கிற மெல்லிசான எஃகு நாக்கு டிஸ்க்கைத் தொடும். தொட்டா கீச்சுன்னு கத்தும். அது பழுது இல்லீங்க. ‘யோவ், பேட் தீரப் போகுது’ன்னு கத்துறதுக்காகவே வேணும்னு வச்ச நாக்கு. நான் நூறு ரூபா குடுத்து அந்த நாக்கை மடக்கச் சொல்லியிருக்கேன்.

ஜனவரி சம்பளம் வந்துச்சு, பொங்கல் செலவுல போச்சு. பிப்ரவரி சம்பளமும் வந்துச்சு. பேட் ஞாபகமே வரல. ஞாபகப்படுத்த வேண்டியதைத்தான் வாயடைச்சாச்சே.

பிப்ரவரியில ஒரு சனிக்கிழமை மத்தியானம். கம்பெனியில ஒரு பேப்பர் வாங்க வேண்டியிருந்தது. ‘நானும் வரேன்ப்பா’ன்னு பொண்ணு கூட வந்தா. இரண்டாம் வகுப்பு. சிப்காட் ரோடு காலியா இருந்தது, கொஞ்சம் வேகமாத்தான் போனேன். ஒரு கேட்டுக்குள்ள இருந்து டிரெய்லர் பின்னாடியே ரோட்டுக்கு வருது. பிரேக்கை அழுத்தினேன்.

கர்ர்ர்ர்ர்ர்...

இரும்பை இரும்பு மேல போட்டு இழுக்கிற சத்தம். பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, வண்டி நிக்க வேண்டிய மாதிரி நிக்கல. வலது பக்கமா இழுக்குது. ஸ்டீயரிங்கைப் பிடிச்சு, இருந்த பலம் எல்லாம் கால்ல வச்சு மிதிச்சேன். டிரெய்லரோட அடிச்சட்டத்துக்கு ஒரு கை தூரத்துல நின்னுச்சு. அந்தச் சட்டம் சரியா எங்க கண்ணாடி உயரத்துல இருந்தது.

பொண்ணு அழல. ‘அப்பா, ஏன் வண்டி இப்படிக் கத்துது?’ன்னு மட்டும் கேட்டா. எனக்குத்தான் கை நடுக்கம் நிக்க கால் மணி நேரம் ஆச்சு. வண்டியைக் கம்பெனி ஸ்டாண்டுலயே விட்டுட்டு ஷேர் ஆட்டோவுல வீடு வந்தோம். வீட்டுல அந்தக் கை தூரத்தைப் பத்தி அன்னிக்குச் சொல்லல. ஒரு வாரம் கழிச்சுத்தான் சொன்னேன்.

அடுத்த நாள் ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரு வயசான மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தேன். வீலைக் கழட்டினதும் அவர் ஒண்ணும் பேசல, விரலால டிஸ்க்கைத் தடவிக் காட்டினார். கிராமபோன் தட்டு மாதிரி வரி வரியாப் பள்ளம். இடது முன் வீல்ல உள்பக்கப் பேட்ல பொருளே இல்ல, வெறும் இரும்புத் தகடு. வெளிப்பக்கப் பேட் பாதிக்கு மேல இருக்கு!

‘காலிப்பர் நகர்ற பின்னு சேறு புகுந்து இறுகிடுச்சு தம்பி. அது வழுக்கி நகர்ந்தாதான் ரெண்டு பேடும் சமமாத் தேயும். இறுகிட்டா உள்பக்கப் பேட் ஒண்ணே எல்லா வேலையும் பாக்கும். வெளிய இருந்து எட்டிப் பார்த்தா நல்லாத்தான் தெரியும்.’

இடது வீல் சரியாப் பிடிக்கல, வலது வீல் பிடிக்குது. அதான் வலது பக்கம் இழுத்திருக்கு. டிஸ்க், பேட், பின்னு, ரப்பர், கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். ரெண்டாயிரத்துல முடிய வேண்டியது.

அவரோட பழகினதுல கத்துக்கிட்டதை அப்படியே தர்றேன். யாருக்காவது உதவும். முதல் விதி: ஏசி, பாட்டு ரெண்டையும் அணைச்சு, கண்ணாடியை இறக்கி, சுவர் ஓரமா மெதுவா ஓட்டிப் பாருங்க. சுவர் சத்தத்தைத் திருப்பிக் குடுக்கும்.

1. காலையில முதல் சில பிரேக்குக்கு மட்டும் சத்தம்: துரு. விட்டுடலாம்.

2. லேசா பிரேக் வச்சாலும், சில வண்டியில வைக்காமலே ஓடும்போதும் மெல்லிசான, விடாத கீச்: பேட் நாக்கா இருக்க வாய்ப்பு அதிகம். உடனே கழட்டிப் பாருங்க. உள்பக்கப் பேடையும் பாருங்க!

3. கர்ர்ருன்னு அரைக்கிறது, பெடல்ல அதிர்வு: ஓட்டாதீங்க. அவ்வளவுதான்.

4. திடீர்னு தகரத்தைக் கீறுற மாதிரி, பிரேக்குக்குச் சம்பந்தமே இல்லாம: டிஸ்க்குக்கும் அதுக்குப் பின்னாடி இருக்கிற தகட்டுக்கும் நடுவுல ஜல்லி மாட்டியிருக்கலாம். ஜல்லி லாரி ஓடுற நம்ம ரோட்டுல இது சகஜம். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தா சில சமயம் தானே விழுந்துடும்.

5. வேகம் ஏற ஏற ம்ம்ம்ம்னு விமானம் மாதிரி உறுமல், பிரேக் வச்சாலும் மாறல: வீல் பேரிங் இல்ல டயர். வலது பக்கம் வளையும்போது உறுமல் கூடினா இடது பேரிங் மேல சந்தேகம், ஏன்னா பாரம் அந்தப் பக்கம் சாயும். தார் ரோட்டுல ஒரு மாதிரி, சிமெண்ட் ரோட்டுல ஒரு மாதிரி கேட்டா டயர் மேடு பள்ளமாத் தேஞ்சிருக்கும். சந்தேகம் தீர ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு குடுத்து, வீலைக் கையால சுத்தி, இன்னொரு கையை சுருள்வில் மேல வச்சுப் பாருங்க. பேரிங் போயிருந்தா மணல் அரைக்கிற மாதிரி கையிலயே தெரியும்.

6. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுத் திரும்பும்போது டக் டக் டக்: ஆக்ஸில் முனை ஜாயிண்ட். ரப்பர் உறை கிழிஞ்சு கிரீஸ் வெளிய வந்திருக்கான்னு பாருங்க.

7. பின்னாடி டிரம்ல இருந்து கீச்: பெரும்பாலும் தூசி. கழட்டிச் சுத்தம் பண்ணணும்.

இன்னொண்ணு. பேட் தேயத் தேய, காலிப்பர் பிஸ்டன் வெளிய வரும், அந்த இடத்தை நிரப்ப பிரேக் ஆயில் இறங்கும். அதனால டப்பாவுல ஆயில் குறைஞ்சா உடனே ஊத்தி நிரப்பிட்டு மறந்துடாதீங்க. முதல்ல பேடைப் பாருங்க, அடுத்து எங்கயாவது ஒழுகுதான்னு பாருங்க. சத்தம் நிக்க எண்ணெய், கிரீஸ் எதையாவது டிஸ்க்ல தடவுற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். சத்தம் நிக்கும், வண்டி நிக்காது.

இந்தக் கீச் புதுசும் இல்ல. இங்கிலாந்துல லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்கு 1902ல காப்புரிமை வாங்கினப்பவே உலோகத்தோட உலோகம் உரசி அலறல் தாங்கலையாம். அப்புறம் உராய்வுப் பொருள் ஒட்டின பிறகுதான் காது பொழைச்சது. இன்னிக்கும் பேட் டிஸ்க்கை ஒரே சீராப் பிடிக்கிறதில்ல. ஒட்டி வழுக்கி ஒட்டி வழுக்கி, வயலின் வில் மாதிரி அதிர வைக்கும். நம்ம பாடியில பிரேக்ஸ் இந்தியா 1962ல தொடங்கினது. அத்தனை வருஷமா எத்தனையோ பேர் பிரேக்கோட மல்லாடிக்கிட்டுதான் இருக்காங்க. எல்லாச் சத்தமும் ஆபத்து இல்ல. ஆனா எந்தச் சத்தம் எதுக்குன்னு கேக்காம வாயை அடைக்கிறதுதான் ஆபத்து.

இதை எழுதக் காரணம் கார் மட்டும் இல்ல.

அந்தத் திங்கக்கிழமை வேலைக்குப் போனேன். எங்க லைன்ல ஒரு பிரஸ் மெஷின். கை உள்ள போனா நிறுத்துற ஒளித்திரை சென்சார் அதுல இருக்கு. அது காரணமே இல்லாம அடிக்கடி நிறுத்திப் பஸ்ஸர் அடிக்கும். புரொடக்ஷன் போகுதேன்னு, ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஒயரைக் குறுக்கப் போட்டு அந்த சென்சாரைத் தூங்க வச்சிருந்தோம். ‘வச்சிருந்தோம்’ என்ன, போட்டது நான்தான். இதே கையால. வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள்ல பிரஸ் மெஷின்ல விரல் போனவங்களைப் பத்தி ‘சேஃப் இன் இந்தியா’ன்ற அமைப்பு 2019லிருந்து அறிக்கை போட்டுக்கிட்டு இருக்கு. நான் அதைப் படிச்சவன். படிச்சும் போட்டேன்.

மெக்கானிக் அண்ணனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவராவது மாத்தச் சொன்னார்.

ஒயரைக் கழட்டினேன். லாக் புக்குல எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அன்னிக்கு ஷிஃப்ட்ல மெஷின் பதினோரு தடவை நின்னுச்சு. இன்சார்ஜ் எல்லார் முன்னாடியும் வச்சுத் திட்டினார். பதில் பேசாம, ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். மூணாவது நாள் பிடிபட்டுச்சு. சென்சாரைத் தாங்குற பிராக்கெட்ல ரெண்டு போல்ட்டு லூஸு. மெஷின் அடிக்கும்போதெல்லாம் ஆடி, ஒளி தப்பிப் போகுது. ரெண்டு போல்ட்டு, ரெண்டு வாஷர், பத்து நிமிஷம். அதுக்கப்புறம் காரணமில்லாம அது நின்னதே இல்ல.

அந்த மெஷின்ல ஓடுற பையனுக்கு இருபது வயசு இருக்கும். ‘என்னண்ணே, இப்பல்லாம் நிக்கிறதே இல்ல’ன்னான். அவன் கை பத்து விரலோட இருக்குறதைப் பார்த்துக்கிட்டே ‘ஆமாடா’ன்னேன். முழுக்கதையையும் அவனுக்கு இன்னும் சொல்லல. இங்கதான் சொல்றேன்.

இப்ப வீட்டுல காருக்குக் காது எங்க பொண்ணுதான். போன வாரம் கூட, ‘அப்பா, பின்னாடி எலி கத்துது, வண்டியை நிறுத்து’ன்னா. நிறுத்தி, இறங்கி, நாலு வீலையும் குனிஞ்சு பார்த்தேன். கடைசியில பார்த்தா, பின் சீட்டுல அவ டிபன் பாக்ஸுக்குள்ள ஸ்பூன் உருண்டுக்கிட்டு இருக்கு :-)

இருந்தாலும் நிறுத்திப் பார்த்தேன் இல்ல... அது போதும்.