மார்கழி நீராடல்

மேனாட்டார் பனிக்காலத்தில் உறைபனிமேற் சறுக்கியும் குளிர்நீரில் நீந்தியும் மகிழ்வர். உறைபனி காணாத நமக்கும் பின்னையது கிட்டும். பரிபாடலில் தைந்நீராடலை வகுப்பிற் கற்ற யாம், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஏரியூரையடுத்த நாகமரை சென்று, 1934இல் முற்றுப்பெற்ற மேட்டூர் அணையால் தேங்கிய காவிரியில் வைகறையிற் குதித்தோம்.

குளிர் தாக்கியதும் மூச்சுத் திணறிற்று. கரை மூடுபனியில் மறைந்தது. அஞ்சிக் கைகளை வீசினோம்.

“மாப்பிள்ளை, அடிக்காதே! மல்லாந்து மிதந்து மூச்சை மெல்ல விடு” என்றார் உடனிருந்த மாமா.

அவ்வாறே கிடந்தோம். இரண்டொரு நிமிடத்தில் மூச்சு அமைந்தது. பகலில் ஏற்ற வெம்மையை நீர் எளிதில் விடாதாகலின், காற்றினும் அது இதமாயிருந்தது. இன்பம் அப்பொழுதே தொடங்கிற்று. எதிர்க்கரைப் பக்கம் அணைநீருள் மூழ்கிய பண்ணவாடிப் பழந்தேவாலயத்தை நினைந்து, கர்த்தருக்கு ஸ்தோத்திரஞ் சொன்னோம்.

போராடுவோனை அமிழ்த்தும் நீரே, நம்பிக் கிடப்போனைத் தாங்குகின்றது. ஏட்டிற் கற்றதை அன்று உடம்பாற் கற்றோம்.