பினாங்குச் சுவரும் பெர்ஹெந்தியான் கடலும்

மலேசியா எப்படி இருந்தது டீச்சர் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். வகுப்பு மாதிரி நடுவில் எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டேன்.

மகன் பினாங்கில் வேலை பார்க்கிறான். அவனோடு ஒரு மாதம் இருந்தேன். அங்குள்ள ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். 2012இல் அங்கே நடந்த கலைவிழாவுக்காக எர்னஸ்ட் ஸகாரெவிச் என்ற லிதுவேனிய ஓவியர் பழைய கட்டடங்களின் சுவர்களில் சில படங்கள் வரைந்தார். ஆர்மீனியன் தெருவில் இருப்பது அக்காவும் தம்பியும் சைக்கிளில் போகிற படம். பிள்ளைகள்தான் ஓவியம்; சைக்கிள் நிஜ சைக்கிள், சுவரோடு பொருத்தியது. ஆ குவீ தெருவில் இதே மாதிரி ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் பையன் மட்டும் ஓவியம்.

இவை தவிர, தெருக்களின் கதையைச் சொல்லும் 52 இரும்புக்கம்பிச் சித்திரங்களும் ஊருக்குள் உண்டு. சூலியா தெரு என்று ஒன்று இருக்கிறது. கடல் கடந்து போன நம் தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கு அங்கே வழங்கிய பெயர்தான் சூலியா.

சைக்கிள் படத்துக்கு முன்னால் எப்போதும் வரிசை. ஒவ்வொருவராக வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். நிறம் வெளுத்திருக்கிறது, காரை உதிர்ந்திருக்கிறது. வெயிலும் மழையும் அவற்றின் வேலையைச் செய்கின்றன. பார்க்கிறவர்கள் யாரும் அதைக் குறையாக நினைத்ததாகத் தெரியவில்லை.

சாரை உங்களில் பலருக்குத் தெரியும். ஒரே பள்ளியில் அவர் ஓவிய ஆசிரியர், நான் இயற்பியல். அந்தச் சைக்கிள் படத்தை ஒரு வாரப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, ரிட்டயர் ஆனதும் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. எங்களுக்குள் ஒரு பழைய வழக்கு உண்டு. நிறம் பொருளில் இருக்கிறது என்பார் அவர். வெளிச்சத்தில்தான் இருக்கிறது என்பேன் நான். ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் டீ குடித்து முடிக்கும்வரை இது ஓடும்.

அந்த வழக்குக்கு ஒரு சாட்சி கடலுக்குள் கிடைத்தது.

பினாங்கிலிருந்து பஸ்ஸில் மலைகளைத் தாண்டிக் கிழக்குக் கரைக்குப் போய், குவாலா பெசுட் துறையில் படகு ஏறினால் பெர்ஹெந்தியான் தீவுகள். மலாயில் 'தங்குமிடம்' என்று பொருள். அந்தக் காலத்து வணிகர்கள் தங்கிப் போன இடமாம். மகன் ஸ்கூபா டைவிங்குக்குப் பெயர் கொடுத்துவிட்டான், எனக்கும் சேர்த்து. வயது 62, ரத்த அழுத்த மாத்திரை வேறு. படிவத்தில் அதையெல்லாம் கேட்பார்கள் என்று தெரிந்து, ஊரிலேயே டாக்டரிடம் சான்று வாங்கிப் போயிருந்தேன். வாழ்நாளெல்லாம் சேலை கட்டியவள் அந்த ரப்பர் உடைக்குள் நுழைந்த கதையை இங்கே எழுதப் போவதில்லை.

பயிற்சியாளர் ஒரு சின்னப் பெண், என் பேத்தியாக இருக்கலாம். முதல் விதி: மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் உள்ள காற்று விரியும். பாயில் விதி! 34 வருடம் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு, அன்றைக்கு என் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. காது அடைத்தது. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதியதும் திறந்தது.

ஒன்பது மீட்டரில் என் மணிக்கட்டைப் பார்த்தேன். கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு சாம்பலும் பழுப்புமாக இருந்தது. சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் விழுங்கும் என்று பாடத்தில் சொல்லியிருக்கிறேன்; கண்ணால் பார்த்ததில்லை. பயிற்சியாளர் டார்ச் அடித்தாள். கயிறு பளிச்சென்று சிவந்தது. பக்கத்துப் பாறையில் மங்கலாகத் தெரிந்தவையும் செம்மஞ்சளாக மாறின. சார் இருந்திருந்தால், பார்த்தீர்களா, நான் ஜெயித்தேன் என்றிருப்பேன். "கயிறு அங்கேதானே இருந்தது" என்றிருப்பார் அவர். வழக்கு முடியவில்லை.

இரண்டாம் விதி: எதையும் தொடக் கூடாது. பந்துபோல் திரண்ட பவளப்பாறை பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். என் 34 வருட சர்வீஸுக்கு ஏறக்குறைய ஓர் அடி. யாரோ ஒருவருடைய காலில் மாட்டிய துடுப்பு பட்டால் ஒரு நொடியில் காயப்பட்டுவிடும். எந்தப் பெயின்டரையும் கூப்பிட்டுச் சரிசெய்ய முடியாது. நம் மன்னார் வளைகுடாவிலும் பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் வெட்டியெடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன.

இப்போது, பழைய மாணவர் குழுவில் நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பள்ளிச் சுற்றுச்சுவரில் சார் உங்களை வைத்து வரைந்த ஏரிப் படம் வெளுத்துவிட்டது, பழைய போட்டோவைப் பார்த்து அப்படியே திரும்ப வரையச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். பணமும் சேர்த்துவிட்டீர்கள். நான்கு மாதமாக நான் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் பதில் இது. வேண்டாம்.

தொடாமல் காக்க வேண்டியது கடலுக்குள் இருக்கிறது. சுவர் அப்படியல்ல. அது வெயிலுக்கும் மழைக்கும் பிள்ளைகளின் கைக்கும் என்று வரைந்தது. அன்று சார் ஏணியில் நின்றது கொஞ்ச நேரம்தான். தூரிகை உங்கள் கையில்தான் இருந்தது. ஓர் ஆமைக்கு ஐந்து கால் போட்டவன் யார் என்று அவனுக்கே தெரியும். அவர் அதைத் திருத்தவில்லை. விலைக்கு ஓவியர் பிடித்தால் ஐந்தாவது கால் வருமா?

சுண்ணாம்பு அடியுங்கள். இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் சுவரைக் கொடுங்கள், அவர்கள் இஷ்டத்துக்கு வரையட்டும். மிஞ்சுகிற பணத்தில் அவர்களை ஏர்வாடிப் பக்கம் கூட்டிப்போங்கள். வனத்துறையின் கண்ணாடிப் படகில் பவளப்பாறையைக் காட்டலாம். உயிரோடு இருப்பதைப் பார்த்த பிள்ளை அதை உடைக்காது என்பது என் நம்பிக்கை.

அவர் கையெழுத்துப் போட்ட மூலையை மட்டும் விட்டுவையுங்கள் என்று கேட்க ஆசைதான். கேட்கவில்லை.

சுண்ணாம்பு அடிக்கிற அன்று சொல்லுங்கள், நானும் வருகிறேன். டீ என் செலவு.