பெயரைக் காத்தவனும் உயிரைக் காத்தவர்களும்

ஆதர் மில்லர் எழுதிய ‘த குருசிபிள்’ என்னும் நாடகம் 1953 ஜனவரியில் நியூயோர்க்கில் முதன்முறையாக மேடையேறியது. குருசிபிள் என்றால் தட்டார் பொன் உருக்கும் மூசை. நான்கு அங்கங்கள் கொண்ட இந்த நாடகம் 1692ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் குடியேற்றத்திலே, சேலம் என்னும் ஊரில் (இது தமிழ்நாட்டுச் சேலம் அல்ல) நடந்த சூனியக்காரிகள் விசாரணையைப் பற்றியது. அந்த ஓர் ஆண்டுக்குள் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் 14 பேர் பெண்கள். வாய்திறந்து குற்றத்தை ஏற்கவோ மறுக்கவோ மாட்டேன் என்ற ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் நெஞ்சிலே கல் ஏற்றிக் கொல்லப்பட்டார். இன்னும் சிலர் சிறையிலேயே இறந்தனர்.

மில்லர் இதை எழுதிய காலத்தில் அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடிக்கும் வேட்டை நடந்துகொண்டிருந்தது. ‘உன்னோடு கூட்டத்தில் இருந்தவர்களின் பெயரைச் சொல், உன்னை விட்டுவிடுகிறோம்’ என்பதுதான் விசாரணையின் முறை. நாடகம் வந்து மூன்று ஆண்டுகளின் பின், 1956இல், மில்லரையே அழைத்து அதே கேள்வியைக் கேட்டார்கள். அவர் பெயர் சொல்ல மறுத்தார். அதற்காக 1957இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, 1958இல் மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். ஆகவே இந்த நாடகத்தின் நாயகன் ஏன் அப்படி நடக்கிறான் என்பது விளங்குகிறது. ஆனால் இந்தக் கட்டுரையிலே நாயகனைவிட அவனைச் சுற்றி நிற்கும் பெண்களைப் பற்றியே அதிகம் எழுத விரும்புகிறேன்.

எங்கள் தையல் நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏதாவதொரு கதையை வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. இந்த நாடகத்தை ஆங்கிலத்தில் வாசித்து, நான்கு சனிக்கிழமைகளாக ஒவ்வோர் அங்கமாகத் தமிழில் சொன்னேன். படித்தவர்கள் எழுதிய விமர்சனங்களில் காணாத சில கேள்விகளை அங்கே இருந்த பெண்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விகளும் இதில் கலந்திருக்கின்றன.

கதை சுருக்கமாக இது. பாதிரியார் பரிஸின் மகளும், அவருடைய மருமகள் அபிகேய்லும், வேறு சில பெட்டைகளும் இரவிலே காட்டுக்குள் ஆடுகிறார்கள். அகப்பட்டதும் தண்டனைக்குப் பயந்து, தம்மைச் சூனியம் பிடித்ததாகச் சொல்கிறார்கள். ‘யார் செய்தது?’ என்று கேட்கப்படுகிறது. பெயர்கள் வரத் தொடங்குகின்றன. முதலில் பிச்சையெடுத்துத் திரியும் சாரா குட். பிறகு ஊரிலே மதிக்கப்பட்ட மூதாட்டி றெபேக்கா நேர்ஸ். பிறகு அபிகேய்ல் முன்பு வேலை செய்த வீட்டின் தலைவி எலிசபெத் புரொக்டர். அவளுடைய கணவன் ஜோன் புரொக்டருக்கும் அபிகேய்லுக்கும் முன்னர் தகாத உறவு இருந்தது. மனைவியைக் காப்பாற்ற நீதிமன்றம் போகும் ஜோன் தானே அகப்படுகிறான். பொய்யாக ஒப்புக்கொண்டால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலையில் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்தும் வைக்கிறான். அதைத் தேவாலயக் கதவில் ஒட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கிழித்தெறிந்துவிட்டுத் தூக்குமரத்துக்குப் போகிறான்.

அந்த விசாரணைகளில் சாட்சியம் என்று எதை ஏற்றார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றவை விளங்கும். ‘இவளுடைய ஆவி இரவில் வந்து என் கழுத்தை நெரித்தது’ என்று ஒருத்தி சொன்னால் அது சாட்சியம். குற்றம் சாட்டப்பட்டவள் அந்த நேரத்தில் தன் வீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள் என்று நிறுவினாலும் பயனில்லை. வந்தது உடல் அல்லவே, ஆவிதானே. முகத்தை மூடிய ஒருவர் தலையை அசைத்தால் போதும் என்ற காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

அபிகேய்லைப் பெரும்பாலான விமர்சகர்கள் நாடகத்தின் தீயவளாகவே காண்கிறார்கள். ஆசைப்பட்டவனை அடைய ஊரையே எரித்தவள் என்பார்கள். நாடகத்தில் அவளுக்கு 17 வயது. ஜோனுக்கு முப்பதுகளின் நடுப்பகுதி. அவன் எசமான், அவள் வேலைக்காரி. உறவு வெளிப்பட்டதும் வேலையை இழந்தவள் அவள். ஏழு மாதங்களாக வேறெந்த வீட்டுக்காரரும் அவளை வேலைக்கு அழைக்கவில்லை. முதலாம் அங்கத்திலேயே மாமனார் அவளிடம், ஊரிலே உன் பெயர் சுத்தமாக இருக்கிறதா என்று விசாரிக்கிறார். நாடகத்தின் முடிவில் ஜோன் எதற்காக உயிரைக் கொடுக்கிறானோ, அந்தப் ‘பெயர்’ என்ற பேச்சு தொடங்குவது இந்தப் பெட்டையிடம்தான். இதை எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியவில்லை.

இன்னொரு விடயமும் உண்டு. தன் பெற்றோர் பழங்குடியினரால் கொல்லப்பட்டதைப் பக்கத்தில் படுத்திருந்து கண்டவள் அவள். மற்றப் பெட்டைகளை வெருட்டுவதற்காக இதைச் சொல்கிறாள். நாடகம் அதற்கு மேல் அதைத் தொடவில்லை. ஆனால் உண்மை வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. மேரி பெத் நோட்டன் என்ற வரலாற்றாசிரியர் 2002இல் வெளியிட்ட நூலில், சேலத்துக்கு வடக்கே மேய்ன் எல்லைப்புறத்தில் அப்போது நடந்துகொண்டிருந்த போரையும் இந்த விசாரணைகளையும் சேர்த்துப் பார்க்கிறார். குற்றம் சாட்டிய பெட்டைகளில் சிலர் அந்தப் போரிலிருந்து ஓடிவந்த அகதிகள். மேர்சி லூயிஸ் என்பவள் பெற்றோரை இழந்து, புட்னம் குடும்பத்தின் வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள். போரில் தாய்தகப்பனைப் பறிகொடுத்து, அந்நியர் வீட்டில் தண்ணீர் அள்ளி, விறகு சுமந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய சொல்லை நீதிபதிகள் எழுந்து நின்று கேட்டது அந்த ஓர் ஆண்டில் மட்டும்தான். அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவரவில்லை. றெபேக்கா நேர்ஸ் என்ற 71 வயது மூதாட்டி தூக்கில் தொங்கினார். ஆனால் ‘ஆசைக்காரி’ என்ற ஒரு சொல்லால் இவர்களை மூடிவிட முடியாது. மேலும், அந்த உறவே மில்லரின் கற்பனை. உண்மையான அபிகேய்லுக்கு அப்போது 11 வயதளவில்தான் இருக்கும். உண்மையான ஜோன் புரொக்டருக்கு அறுபது வயதளவு. நாடகத்துக்காக அவளுடைய வயதைக் கூட்டியதை மில்லரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பதினொரு வயதுப் பிள்ளையை மோகினியாக்கியதற்குக் கலைஞனின் சுதந்திரம் என்று பெயர். எனக்கு அது உவப்பாக இல்லை.

எங்கள் நிலையத்துப் பெண்கள் அதிகம் கதைத்தது மேரி வொறனைப் பற்றி. இவள் புரொக்டர் வீட்டின் புதிய வேலைக்காரி. பயந்த சுபாவம். மூன்றாம் அங்கத்தில் ஜோன் அவளை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய், நாங்கள் நடித்தோம், பொய் சொன்னோம் என்று சொல்ல வைக்கிறான். அப்படியானால் இப்போது மயங்கி விழுந்து காட்டு என்கிறார்கள் நீதிபதிகள். அவளால் முடியவில்லை. எல்லோரும் சேர்ந்து அலறும்போது தன்னாலே வந்த மயக்கம், தனியே கேட்கும்போது வரவில்லை. நாடகத்திலே மிக நுட்பமான இடம் இது என்பேன். அது முழுப் பொய்யும் அல்ல, முழு மெய்யும் அல்ல. பிறகு அபிகேய்லும் மற்றவர்களும் கூரையில் ஒரு பறவை இருப்பதாகவும், மேரியின் ஆவியே அதுவென்றும் அலறுகிறார்கள். அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்கிறார்கள். தூக்குக் கயிறு தன் பக்கம் திரும்புவதைக் கண்ட மேரி, ஜோன்தான் பிசாசின் ஆள் என்று கத்திக்கொண்டு அபிகேய்லின் கைக்குள் போய் ஒடுங்கிவிடுகிறாள்.

“துரோகி” என்றாள் ஒருத்தி. கைவேலையை மடியில் வைத்துவிட்டு இன்னொரு அக்கா சொன்னார்: “பாவம் அந்தப் பெட்டை. அவளை அங்க கொண்டுபோய் விட்டது ஆர்? அவள் வேற என்னத்தைச் செய்யிறது?” அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மெசின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்த அக்கா எதை நினைத்துச் சொன்னார் என்று எவரும் கேட்கவில்லை. எங்களிடையே அது வழக்கமில்லை.

முதலில் ஒப்புக்கொண்டவள் ரிற்றுபா. பாதிரியார் வீட்டு அடிமை. நாடகத்தில், ஒப்புக்கொள்ளாவிட்டால் அடித்தே கொல்வேன் என்கிறார் பாதிரியார். ஒப்புக்கொண்டதும் குரல்கள் கனிகின்றன, கையைப் பிடிக்கிறார்கள், பெயர்களைக் கேட்கிறார்கள். அவள் சொல்கிறாள். உண்மையான ரிற்றுபா தூக்கிலிடப்படவில்லை. ஓர் ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்தாள். சிறையில் இருந்ததற்கான செலவைக் கைதியே கட்ட வேண்டும் என்பது அக்காலச் சட்டம். அவளுக்காக அதைக் கட்டியவரின் உடைமையாக அவள் வெளியே போனாள். எங்கே போனாள் என்பது ஏடுகளில் இல்லை. காத்துக்கொள்ள ஒரு பெயர் அவளுக்கு எங்கே இருந்தது?

ஜோன் புரொக்டர் கடிதத்தைக் கிழிக்கும் காட்சியை வாசிக்கும்போது எனக்கும் கண் கலங்கியது. தன் கையெழுத்து தன் பிள்ளைகளுக்கு அவமானமாகவும், மறுத்து இறக்கப்போகும் அயலவர்களுக்கு எதிரான சாட்சியாகவும் பயன்படும் என்பதே அவன் மறுப்பின் உள்ளே இருக்கும் நியாயம். அது பெரிய நியாயம். ஆனாலும் எனக்கும் ஒரு கையெழுத்து இருக்கிறது. 1990இல் என் கணவரைக் கொண்டுபோனார்கள். எட்டு ஆண்டுகளின் பின், அவர் இறந்துவிட்டார் என்று எழுதிய ஒரு தாளிலே நான் ஒப்பமிட்டேன். அது உண்மையா என்று அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. ஒப்பமிட்டால் உதவிப்பணம் வரும், மூத்தவளின் படிப்பு நிற்காது. என் மாமியார் இரண்டு வருடம் என்னோடு கதைக்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்திருக்கலாமே என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

எலிசபெத்திடம் வருவோம். வாழ்நாளில் ஒரு பொய் சொல்லியறியாதவள் என்று ஜோன் நீதிமன்றத்தில் அவளைப் பற்றிச் சத்தியம் பண்ணுகிறான். தன் மானத்தை விட்டு, அபிகேய்லோடு இருந்த உறவைச் சொல்லிவிட்டான். அதை உறுதிப்படுத்த அவளை அழைக்கிறார்கள். அவன் சொல்லிவிட்டான் என்பது அவளுக்குத் தெரியாது. கணவனின் பெயரைக் காக்க, அப்படி எதுவுமில்லை என்கிறாள். அவள் சொன்ன ஒரேயொரு பொய் அவனைக் கொன்றுவிடுகிறது. நான்காம் அங்கத்தில் அவனைக் கடைசியாகச் சந்திக்கும்போது, தன் குளிர்ந்த சுபாவமே அவனைத் தவறச் செய்தது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். இந்த இடத்தில் மில்லர் மீது எனக்குக் கோபம். மூன்று மாதம் சிறையில் கிடந்த கர்ப்பிணி, வெளியே பாவம் செய்தவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? ஆனால் கையெழுத்து வை என்றும் அவள் சொல்லவில்லை, வைக்காதே என்றும் சொல்லவில்லை. அது அவனுடைய முடிவு என்று விலகி நிற்கிறாள். அந்த மௌனம் அழகானது. முரசொலியோடு, அவள் சிறையின் சன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்க, திரை விழுகிறது.

திரை விழுந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் எங்கள் பெண்களுக்குத் தேவைப்பட்டது. பிள்ளைகளை ஆர் பார்த்தது? தேடிப் படித்துச் சொன்னேன். உண்மையான புரொக்டர் தம்பதியர் சிறையில் இருக்கும்போதே அதிகாரி வந்து மாடுகளையும் பொருட்களையும் எடுத்துப் போனார். பீப்பாவிலிருந்த பானத்தை ஊற்றிவிட்டுப் பீப்பாவையும், பானையிலிருந்த கஞ்சியைக் கொட்டிவிட்டுப் பானையையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை என்று றொபேட் காலெஃப் 1700இல் வெளிவந்த தமது நூலில் எழுதியிருக்கிறார். ஜோன் 1692 ஓகஸ்ட் 19ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். எலிசபெத் கர்ப்பிணி என்பதால் தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. 1693 ஜனவரியில் சிறையிலேயே ஆண் குழந்தை பிறந்தது. அதற்குள் ஊரின் மனம் மாறிவிட்டது. ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்திருந்தார். அவளும் விடுதலையானாள்.

வெளியே வந்தவளுக்குக் கணவனின் மரணசாசனத்தில் பங்கில்லை. மரணதண்டனை விதிக்கப்பட்டவள் சட்டத்தின் கண்ணில் இறந்தவளே என்பதால் கேட்கும் உரிமையும் இல்லை. 1696இல் அவள் மனுக் கொடுக்க வேண்டியிருந்தது, தான் உயிரோடு இருப்பதைச் சட்டமும் ஏற்க வேண்டும் என்று. இதைச் சொன்னபோது எவரும் ஆச்சரியப்படவில்லை. காணி உறுதிக்காக விதானையாரிடமும் கச்சேரிக்கும் நடந்தவர்கள்தானே. 1711இல் அரசு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நட்டஈடு வழங்கியது. புரொக்டர் குடும்பத்துக்கு 150 பவுண்.

பெயர் நீக்கம் மட்டும் நெடுங்காலம் இழுபட்டது. நாடகத்தில் வராத ஒருத்தி உண்டு. எலிசபெத் ஜோன்சன் என்ற 22 வயதுப் பெண். அவள் ஒப்புக்கொண்டாள். ஆனாலும் 1693இல் மரணதண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஆளுநரால் உயிர் தப்பினாள். மற்றவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோதும் அவளுடைய பெயர் அங்கேயே கிடந்தது. 2022இல்தான், பாடசாலைப் பிள்ளைகள் சிலரும் அவர்களின் ஆசிரியையும் விடாமல் கேட்டதன் பேரில், மசாசூசெட்ஸ் சட்டமன்றம் அதை நீக்கியது.

“ஏன் அவ்வளவு காலம்?” என்று கேட்டார் மேரி வொறனுக்காகப் பேசிய அந்த அக்கா.

அவள் மணம் முடிக்கவில்லை, பிள்ளைகளும் இல்லை, வந்து கேட்க ஒருவரும் இருக்கவில்லை என்றேன்.